எழுத்தாளரின் பேனா என்கிறார்கள்; வாங்கலாமா?

கேள்வி: மறைந்த தமிழ் எழுத்தாளர் ஒருவர் பயன்படுத்தியது என்று சொல்லி, பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஒரு மைப்பேனாவுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். தாமே கையெழுத்திட்ட உறுதிச் சான்றிதழும் தருகிறார். வாங்கலாமா?

பதில்: அந்தச் சான்றிதழை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். விற்பவர் தம் சரக்குக்குத் தாமே எழுதித் தரும் தாளுக்கு அவருடைய வாய்ச்சொல்லுக்கு மேல் மதிப்பில்லை. கடிதமாக இருந்தால் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேனா, மூக்குக்கண்ணாடி, கைத்தடி போன்றவற்றில் அவ்வழி பெரும்பாலும் இல்லாததால், அவை யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறின என்பதற்கான ஆதாரமே விலையைத் தீர்மானிக்கிறது.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் மோதிரத்தைப் பாருங்கள். 1817-இல் அவர் இறந்தபின் அக்காள் கஸாண்ட்ராவிடமிருந்து அது சகோதரர் ஹென்றியின் மனைவி எலினாருக்குச் சென்றது. 1863-இல் அதை கணவரின் அண்ணன் மகளான கரோலினுக்குக் கொடுத்த எலினார், அது யாருடையது, தமக்கு யார் தந்தது என்பதைக் கைப்பட எழுதியும் வைத்தார். 2012-இல் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில், 20,000 முதல் 30,000 பவுண்டு வரை போகும் என்று மதிப்பிடப்பட்ட அம்மோதிரம் 1,52,450 பவுண்டுக்கு விலைபோனது. அந்தத் துண்டுக் குறிப்பு இல்லாதிருந்தால், அது நீலநிறக் கல் பதித்த பழைய மோதிரம், அவ்வளவே. (ஏலத்தில் எடுத்த அமெரிக்கப் பாடகியால் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை என்பது வேறு கதை.)

ஆகவே, எழுத்தாளரின் குடும்பத்தில் யார், எந்த ஆண்டு, எப்படிக் கொடுத்தார் என்பதை வாரிசின் கையெழுத்தோடு கேளுங்கள். பேனாவின் அந்த மாதிரி அவர் வாழ்நாளில் விற்பனையில் இருந்ததா என்றும் பாருங்கள். பழைய புகைப்படத்தில் அதே மாதிரிப் பேனா அவர் சட்டைப்பையில் தெரிவது போதாது. மூடியின் கீறலோ கிளிப்பின் வளைவோ ஒத்துப்போக வேண்டும். இவற்றுக்கு வியாபாரி மழுப்பினால், பழைய பேனாவுக்குரிய விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அந்த எழுத்தாளரின் கைபட்ட ஏதோ ஒன்று வேண்டும் என்பதே உங்கள் விருப்பமானால், அவர் தம் நண்பரின் பெயரைக் குறிப்பிட்டு, தேதியிட்டு, எழுதிக் கொடுத்த புத்தகத்தைத் தேடுவதே என் பரிந்துரை. அதில் சரிபார்க்கக் கையெழுத்தாவது இருக்கும். கையெழுத்துப் பிரதி கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டுப் பழைய பிரதியும் தொல்பொருளாகிவிடும், அதை நீங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்க முடியாது.