மலையிறங்கும்போது ஆழமாக இறங்கும் பிரேக் மிதி: பழைய காருக்குப் பெரிய டிஸ்க் தேவையா?

கேள்வி: எங்களிடம் 1998ஆம் ஆண்டு வாங்கிய மாருதி எஸ்டீம் உள்ளது. மாதம் ஒருமுறை குடும்பத்துடன் கோவையிலிருந்து உதகை சென்று வருகிறோம். திரும்பும்போது குன்னூர் தாண்டிப் பர்லியாறு வருவதற்குள் பிரேக் மிதி மெத்தென்று ஆழமாக இறங்குகிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. வேறு காரின் பெரிய காலிப்பரையும் துளையிட்ட டிஸ்க்கையும் முன்சக்கரங்களில் பொருத்தினால் இந்தத் தொல்லை தீரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்னிடம் ஓரளவு கருவிகள் உண்டு. வீட்டிலேயே நானே செய்யலாமா?

பதில்: முன்சக்கர டிஸ்க், பேட், ஹோஸ் ஆகியவற்றைப் பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் மாற்றலாம். ஆனால் வேறு காரின் காலிப்பரைப் பொருத்த வேண்டாம். (சக்கரத்தோடு சுழலும் வட்டுதான் டிஸ்க்; பிஸ்டனால் பேட் என்னும் உராய்வுக் கட்டைகளை அதன்மேல் அழுத்துவது காலிப்பர்; அதற்கு பிரேக் ஆயிலைக் கொண்டுசெல்லும் வளையும் குழாய் ஹோஸ்.) நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறி, டிஸ்க் சிறியது என்பதைக் காட்டவில்லை. பிரேக் ஆயில் கொதிக்கிறது என்பதையே காட்டுகிறது.

மலைச்சாலையில் பிரேக் இரண்டு வகையாகக் கைவிடும். மிதி கல்லைப் போல் இறுகி நிற்க, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காவிட்டால், பேட் தன் தாங்கும் வெப்பத்தைத் தாண்டிப் பிடிமானத்தை இழந்துவிட்டது என்று பொருள். மிதி பஞ்சுபோல் உள்ளே இறங்கினால், காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், ஆகவே உங்கள் காலின் அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால்தான் அரை மணி நேரத்தில் எல்லாம் சரியானதுபோல் தோன்றுகிறது. உண்மையில் எதுவும் சரியாகவில்லை. அடுத்த இறக்கத்தில் அதே இடத்தில், அல்லது அதற்கு முன்பே, மிதி மீண்டும் இறங்கும். எனவே இந்த வேலை முடியும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குச் செல்ல வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை குறைந்துகொண்டே வரும். டாட் 3 என்னும் தரவகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி; அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரியாகிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இவை முறையே 230, 155 டிகிரி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். பழைய கார்கள் பலவற்றில் குறையும்போது மேலே ஊற்றுவார்களே தவிர, காலிப்பரில் தேங்கி நிற்கும் பழைய ஆயிலை யாரும் வெளியேற்றுவதில்லை. அதிகம் சூடாகும் இடத்தில் மிக மோசமான ஆயில் இருந்துகொண்டே இருக்கும்.

உங்கள் பாதையின் கணக்கையும் பார்த்துவிடுவோம். உதகை ரயில் நிலையம் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலும் மேட்டுப்பாளையம் நிலையம் 325 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இந்த உயரத்தை இறங்கும் கார் இழக்கும் ஆற்றல், அதே காரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எழுபது தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றின் தடையும் டயரின் உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். குறைந்த கியரில் இறங்கினால் இன்ஜின் இன்னொரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் வெப்பமாக பிரேக்கில்தான் இறங்க வேண்டும், அதிலும் பெரும்பகுதி முன்சக்கரங்களில். நான்கு கிலோ எடையுள்ள ஒரு வார்ப்பிரும்பு டிஸ்க், 1,100 கிலோ எடையுள்ள காரை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினாலே ஏறத்தாழ 50 டிகிரி சூடேறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

பெரிய டிஸ்க் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது இதிலிருந்து விளங்கும். சக்கரத்தைப் பூட்டிவிடும் அளவுக்கு உங்கள் பிரேக் இப்போதே பிடிக்குமானால், நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். டிஸ்க்கைப் பெரிதாக்கி அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. கூடுதல் எடையுள்ள டிஸ்க்கும், நடுவே காற்றோடும் இடைவெளி கொண்ட டிஸ்க்கும் வெப்பத்தை அதிகம் தாங்கும், விரைவில் ஆறும். அந்த நன்மை மெய்யானது. ஆனால் தடிமனான டிஸ்க்குக்கு அதற்கேற்ற காலிப்பரும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் வேண்டும். அவை 13 அங்குல வீலுக்குள் அடங்க வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

காலிப்பரின் பிஸ்டன் 51 மில்லிமீட்டரிலிருந்து 54 மில்லிமீட்டர் ஆவதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் பரப்பளவு 12 சதவீதம் கூடுகிறது. அதை நகர்த்த, மிதியால் இயங்கி ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு கூடுதல் ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால், மிதி இன்னும் ஆழமாக இறங்கும். நீங்கள் நீக்க நினைத்த அறிகுறியை நீங்களே நிரந்தரமாக்கிக்கொள்வீர்கள். அதோடு முன்சக்கரங்களின் பங்கு கூடி, பின்சக்கர டிரம் பிரேக்குகளின் பங்கு குறைந்து, தயாரித்தவர்கள் வகுத்த சமநிலை கெடும். முன்சக்கரங்கள் முன்கூட்டியே பூட்டிக்கொண்டால் மழைநாளில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. வாகனத்தின் மூல அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். துளையிட்ட டிஸ்க்கைப் பொறுத்தவரை, துளைகளைச் சுற்றியே விரிசல் தொடங்குவதைப் பட்டறைகளில் காணலாம்; துளையிட்ட அளவுக்கு வெப்பத்தைத் தேக்கும் இரும்பும் குறைகிறது. மலையிறங்கும் குடும்பக் காருக்கு அது தேவையே இல்லை.

ஆகவே நான் பரிந்துரைக்கும் மேம்பாடு இதுதான்: உங்கள் காருக்கே உரிய அளவில் தரமான புதிய டிஸ்க்குகள், நல்ல நிறுவனத்தின் பேட்கள், இரு முன்சக்கரங்களுக்கும் புதிய ரப்பர் ஹோஸ், முழுதாக மாற்றிய டாட் 4 ஆயில். இருபது ஆண்டைத் தாண்டிய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கலாம். அப்போது மிதியை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், சூடு ஏறிக்கொண்டே போகும். காலிப்பர் நகரும் பின்கள் துருவேறி இறுகியிருந்தாலும் இதே விளைவுதான். சமதளத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் காரணம் அங்கேதான் இருக்கிறது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

இனி வேலை. சமதளமான, உறுதியான தரையில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வேலை செய்யக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்ற ஐயம் வந்தால் மறுபக்கம் மாதிரியாக இருக்கும். பேட் தூசியை ஊதவோ காற்றடித்து விரட்டவோ வேண்டாம். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டி எறியுங்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டி வையுங்கள்.

சில கார்களில் டிஸ்க், வீல் பொருந்தும் மையப்பகுதியான ஹப்பின் மேலிருந்து அப்படியே கழன்று வரும். சிலவற்றில் ஹப்பின் பின்புறம் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வகையாக இருந்தால் ஹப்பையே இழுத்தெடுக்க வேண்டும், பேரிங்கும் பாதிக்கப்படலாம். அந்த ஒரு வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுவது நல்லது. பழைய டிஸ்க்கைக் கடைசல் பிடித்துச் சமப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை மைக்ரோமீட்டரால் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சீவிய டிஸ்க் மெலிந்த டிஸ்க். மலைச்சாலைக்குச் செல்லும் காரில் அந்தச் சிக்கனத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதிய டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சிறு துருத்துகள் ஓரத்தில் பெரிய கோணலாகி மிதியில் அதிர்வாகத் தெரியும். டிஸ்க்கின் மேலுள்ள காப்பெண்ணெயை பிரேக் கிளீனரால் போக்குங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் படிவை விட்டுச் செல்லும். பின்களுக்கு பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள், சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி ரப்பரை உப்பவைக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள கிண்ணத்தில் ஆயில் பொங்கி வழியும். அது பெயிண்டை அரிக்கும் என்பதால் முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கைக்கணக்கு இங்கே போதாது.

ஹோஸ் மாற்றினால் ஏர் எடுத்தே, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றியே, ஆக வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே ஆயிலை வெளிவிடும் நிப்பிளைத் திறந்து மூட, கையேட்டில் சொன்ன வரிசையில் நான்கு சக்கரங்களிலும் பழைய நிறம் மறைந்து தெளிந்த ஆயில் வரும்வரை செய்யுங்கள். இடையில் கிண்ணம் காலியானால் காற்று உள்ளே புகுந்து, முதலிலிருந்து தொடங்க நேரிடும். ஆயிலைத் திறந்த புட்டியில் மிச்சம் வைத்து அடுத்த ஆண்டு பயன்படுத்தாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், காரை நகர்த்துவதற்கு முன்பே மிதியைப் பலமுறை மிதித்து, அது மேலேயே இறுகி நிற்பதை உறுதிசெய்யுங்கள். பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை முதல் சில மிதிகள் வெறுமையாகவே போகும். பிறகு ஆளில்லாத நேரான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்து தடவை நிதானமாக வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டினால் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும். அடுத்த நாள் வீல் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, ஹோஸ் இணைப்புகளில் ஈரக்கசிவு இல்லையென்று டார்ச் விளக்கில் சரிபாருங்கள். முதல் மலைப்பயணத்தை நீங்கள் மட்டும் தனியாகச் செல்லுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே, இன்ஜினை அணைக்காமல் வாருங்கள். இன்ஜின் நின்றால், மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டரில் சேமித்த வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்குமேல் வராது. பர்லியாற்றில் மிதி இன்னும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல்களும் பின்சக்கர டிரம்களும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.