தொப்பூர் இறக்கமும் பழநி மொட்டையும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஓசூரிலிருந்து சேலத்துக்குக் குடும்பத்தோடு காரில் போனோம். தொப்பூர் கணவாயில், இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பிரேக் பிடிக்காத லாரி ஒன்று எங்கள் காரின் பக்கவாட்டை உரசிக்கொண்டு போய், முன்னால் பைக்கில் போன இளைஞர் மேல் மோதியது. எங்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. 108 வரும்வரை நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார் என்று அப்புறம் தெரிந்தது.

"கும்பிட்ட சாமி கைவிடலை" என்கிறார் அம்மா. பேத்திக்குப் பழநியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். ஆபீஸில் "நல்லவங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார்கள். எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. ஆனால் கை கூப்பினால் அந்தப் பையன் முகம்தான் வந்து நிற்கிறது. நான் சொல்லும் நன்றி, அவர் சாவுக்கும் சேர்த்துச் சொல்வதாக ஆகிவிடாதா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

முதலில் பழநிக்குப் போய் வாருங்கள். தள்ளிப்போடாதீர்கள். லாரி உரசிய அந்த நொடியில் உங்கள் அம்மாவுக்குப் பேத்தி போய்விட்டாள். அடுத்த நொடியில் திரும்பக் கிடைத்தாள். அப்படிக் கிடைத்த பிள்ளையை எடுத்துக்கொண்டு அவர் மலையேறத்தான் செய்வார். அதில் யார் சாவுக்கும் நன்றி கலந்திருக்கவில்லை.

நான் ஏற்காதது ஆபீஸ்காரர்கள் சொன்னதைத்தான். நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார்கள், சரி. ஆனால் அதே வார்த்தையை அந்தப் பையனின் வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியுமா? அங்கே சொல்லக் கூசுவதைக் கோயிலிலும் சொல்லக் கூடாது. 2020 டிசம்பரில் இதே தொப்பூரில் ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகள் மேல் ஏறி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் நான்கு பேர். இவர்களில் யார் கெட்டவர்?

உங்களைக் காப்பாற்றிய சாமி அந்தப் பையனை ஏன் கைவிட்டது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அந்த லாரிக்கு ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு, பெரும்பாலும் பதில் இருக்கும். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் வரும்போது நீளமான இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கியரின் பிடி இல்லாததால் பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில் விழுகிறது. மிதித்து மிதித்து டிரம் சூடேறி, லைனிங் கருகி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. இதைச் சாமி கணக்கில் எழுதிவிட்டால், வண்டியைப் பரிசோதிக்க வேண்டியவர்களும் சாலையைச் சீராக்க வேண்டியவர்களும் தப்பித்துக்கொள்வார்கள்.

என் சித்தப்பா லாரி ஓட்டியவர். மலை இறங்குவதற்கு முன்னால் சாலையோர முனியப்பன் முன் வண்டியை ஓரங்கட்டுவார். கற்பூரம் கொளுத்துவார், முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். பிறகு ஜாக்கி ராடால் ஒவ்வொரு டயராகத் தட்டிச் சத்தம் கேட்பார். இறங்கி முடித்ததும் மறுபடி நிறுத்தி, டிரம்முக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர்தான், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும். எலுமிச்சம்பழமும் இரண்டாவது கியரும் அவருக்கு ஒரே பக்தி. நான் மதிக்கிற நம்பிக்கை இதுதான்.

அப்பர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர், நமச்சிவாயப் பதிகம் பாடி, அந்தக் கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார். இன்றைய கடலூர்தான் அது. அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது கல் மிதந்தது அல்ல. அப்படித் தப்பிய மனிதர் அதற்குப் பிறகும் கையில் உழவாரத்தோடு ஊர் ஊராக நடந்து, மற்றவர்கள் வந்துபோகும் கோயில் முற்றங்களில் புல்லையும் முள்ளையும் செதுக்கிக்கொண்டிருந்தார். தள்ளாத வயது வரைக்கும்.

108 வரும்வரை அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அதுவும் அந்த வகைதான். போலீஸ், கேஸ் என்று பயந்து விலகிப் போகிறவர்கள் எத்தனை பேர்! இப்போது அந்தப் பயமும் தேவையில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்த பிறகு, உதவியவரின் பேரைக்கூடக் கேட்டு வற்புறுத்தக் கூடாது. அவராக முன்வந்து சாட்சி சொன்னால் ஒரே முறைதான் விசாரிக்க வேண்டும்.

அதனால்தான் இதைக் கேட்கிறேன்: சாட்சி சொல்லுங்கள். லாரி எப்படி வந்தது, பைக் எந்தப் பக்கம் போனது என்று கண்ணால் பார்த்தவர் நீங்கள். அவர் குடும்பம் இழப்பீடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, பைக்காரர் மேல்தான் தப்பு என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. அப்போது உங்கள் வாக்குமூலத்துக்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் இராது.

தூக்கம் வராமல் இருப்பதும் ஹாரன் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் இந்த மாதிரி நேரத்தில் இயல்பு. ஒரு மாதத்தைத் தாண்டியும் விடவில்லையென்றால், குழந்தையோ நீங்களோ, மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தொப்பூர் காவல் நிலையத்தில் விசாரித்து, அந்த வீட்டார் சம்மதித்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். கடைசி நேரத்தில் பிள்ளை தனியாகக் கிடந்தானா என்ற கேள்வி அவர்களை அரித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகனைப் பறிகொடுத்த வீட்டில் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.