அபெரிஸ்ட்வித்தில் குடியேறவிருக்கும் தங்கைக்கு

ப்ராங்லைஸ் மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது, ஆறு வயது மகளோடு வரலாமா, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மேற்குக் கடலோரத்தில் உள்ள அபெரிஸ்ட்வித்தில் வசதிகள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பதினான்கு ஆண்டுகளாக இங்கே குடித்தனம் நடத்துபவள் என்ற முறையில் சொல்கிறேன், தாராளமாக வாருங்கள்.

ஊர் சிறியது என்று தயங்க வேண்டாம். 1872-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் 1907-இல் நிறுவப்பட்ட வேல்ஸ் தேசிய நூலகமும் இங்கேயே இருப்பதால், இந்த அளவுள்ள வேறு கடலோர ஊர்களில் காணக் கிடைக்காத நாடக அரங்கும் படிப்புச் சூழலும் உண்டு. மருத்துவமனை, கடைத்தெரு, ரயில் நிலையம், கடற்கரை எல்லாமே நடக்கிற தூரம்தான். மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் 2007 முதல் வேல்ஸில் இலவசம். ஆனால் பல் மருத்துவரிடம் பெயர் பதிய எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதால், வரும் முன்பே பற்களைக் காட்டிவிட்டு வாருங்கள்.

உங்களைச் சோதிக்கப்போவது தூரம்தான். தெற்கே கார்மார்தெனுக்குச் சென்ற ரயில் பாதையை 1965-இல் மூடிவிட்டதால், வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்கு ரயிலில் போகவும் கிழக்கே இரண்டு மணி நேரம் பயணம் செய்து, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் வண்டி மாற வேண்டும். உளுந்துக்கும் இட்லி அரிசிக்கும் நாங்கள் மூன்று மணி நேரம் பயணம் செய்து பர்மிங்காம் போகிறோம். அங்கே வாங்கும் கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, உருவி, சிறு பைகளாக உறையறையில் அடுக்கினால் இரண்டு மாதம் தாளிக்கலாம்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது கடற்கரைச் சாலையின் அழகில் மயங்கிவிடாதீர்கள். 2014 ஜனவரிப் புயலில் அந்தச் சாலையில் இருந்தவர்களை வெளியேற்ற நேர்ந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது நடைபாதை பெயர்ந்து, வழியெல்லாம் கூழாங்கல்லும் மணலுமாகக் கிடந்தது. இரண்டு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். அங்கும் அலமாரிக்குப் பின்சுவரைத் தடவி, ஈரமோ பூஞ்சையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.

பள்ளியில் மகள் வேல்ஸின் மொழியான வெல்ஷ் கற்பாள். அதைக் கூடுதல் சுமையாக நினைக்க வேண்டாம். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வளர்ந்த நம் குழந்தைகளுக்கு அது எளிதில் வசப்படுகிறது. நீங்களும் காலையில் நோயாளிகளிடம் ‘போரே தா’ என்று வணக்கம் சொல்லிப் பழகுங்கள். முதியவர்கள் முகம் மலர்வார்கள்.

கார்மார்தெனுக்கு வடக்கே, இலங்கையில் பிறந்த ஒரு குரு 1973-இல் நிறுவிய ஸ்கந்த வேல் ஆசிரமத்தில் முருகன் கோயில் இருக்கிறது. கார் இருந்தால் அங்கே போய்வருவது எளிது. இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் ஓட்டலாம் என்பதால், அதை மறக்காமல் எடுத்து வாருங்கள்.