வீடு தேடி வரும் நர்ஸ்: முறை எப்படிப் போடுகிறார்கள்?

கேள்வி: என் பையனுக்கு 9 வயது, தசைச் சிதைவு நோய். நோய்த்தணிப்பு (வலி, வேதனையைக் குறைக்கும் சிகிச்சை) நர்ஸம்மா எங்க வீட்டுக்கு மாசம் ஒருக்காதான் வர்றாங்க. பக்கத்து ஊர்க் குழந்தைக்கு வாரம் ரெண்டு தடவை. இதென்னங்க நியாயம்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பெயர் பதிந்த வரிசையில் முறை போடுவதில்லைங்க, இன்றைய தேவைதான் கணக்கு. வலி, மூச்சுத்திணறல், வலிப்பு அடங்காத குழந்தைக்கு முதலிடம். அடுத்து, வீட்டில் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் என்பது. பலரும் சறுக்குவது இங்கேதான். "சமாளிச்சுக்கறோமுங்க" என்றால் அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட், பாட்டிக்கு முட்டிவலி, பையனைத் தூக்க நீங்கள் ஒருத்தர்தான் என்றால் அதைச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள்: ராத்திரி எத்தனை முறை புரட்டிப் படுக்க வைத்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், சாப்பிடும்போது புரையேறியதா. அதைக் காட்டி மறுமதிப்பீடு கேளுங்கள். இடுப்புக்குக் கீழோ குதிகாலிலோ அழுத்தினாலும் மறையாத சிவப்போ கருமையோ தெரிந்தால் முறைநாளுக்குக் காத்திராதீர்கள். படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும். அன்றைக்கே போன் போடுங்கள்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.