விழுவதெல்லாம் நடிப்பா?

கேள்வி: கால்பந்து வீரர்கள் லேசாக உரசினாலே சுருண்டு விழுகிறார்களே, அது அவ்வளவு முரட்டு ஆட்டமா, இல்லை நடிப்பா?

பதில்: இரண்டும் உண்டு. 2002 உலகக் கோப்பையில், துருக்கியின் ஹக்கன் உன்சால் உதைத்த பந்து காலில்தான் பட்டது என்றாலும், பிரேசிலின் ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார். உன்சால் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, ரிவால்டோவுக்கோ பின்னர் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டது. நடித்து ஏமாற்றினால் மஞ்சள் அட்டை உண்டு, ஆனால் கோல்காப்பாளர் மட்டும் எதிரே நிற்க உதைக்கும் ஒரு பெனால்டி ஆட்டத்தையே புரட்டிவிடும் என்பதாலும், தடுமாறியும் விழாமல் ஓடுபவருக்கு நடுவர் பெரும்பாலும் விசில் ஊதுவதில்லை என்பதாலும் இந்தக் கலை (கலையேதான்!) அழியவில்லை.

அதற்காக எல்லா அலறலையும் சந்தேகிப்பது நியாயமாகாது. முழு வேகத்தில் ஓடுபவரின் ஊன்றிய காலில், ஆணிகள் பதித்த காலணி சற்றே இடறினாலும் கணுக்கால் திருகிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே மாட்டிய சிறு தகட்டைத் தவிர அவருக்கு வேறு கவசமில்லை. 2018 உலகக் கோப்பையில் உருண்டு புரண்டு உலகின் கேலிக்கு ஆளான பிரேசிலின் நெய்மாருக்குத்தான், 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கொலம்பிய வீரரின் முழங்கால் இடித்து முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. 1956இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கோல்காப்பாளர் டிராட்மன், கழுத்தெலும்பு முறிந்தது தெரியாமலே கடைசிவரை ஆடினார். சில நாள் கழித்து எடுத்த எக்ஸ்ரேதான் அதைக் காட்டிக்கொடுத்தது.