கைடு தேய்ந்திருந்தால் சீல் காப்பாற்றாது

கேள்வி: 1958-ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் காரின் 948 சிசி என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கிறேன். வால்வுகளைக் கழற்றியபோது லாக்குக்கு (ஸ்பிரிங்கை வால்வோடு பூட்டும் சிறு துண்டு) கீழே சிறிய ரப்பர் வளையங்கள் இருந்தன, தொட்டதும் நொறுங்கிவிட்டன. வால்வு ஏறி இறங்கும் குழலான கைடின் தலையில் இறுக்கமாக உட்கார்ந்து எண்ணெயைத் தடுக்கும் தொப்பி வகை சீல்களை எட்டு வால்வுகளுக்கும் போட்டால் புகையே வராது என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: எட்டுக்கும் வேண்டாம். உங்கள் ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேல்பகுதி) முன்பக்கத்திலிருந்து எண்ணினால் 2, 3, 6, 7 ஆகிய நான்கும் இன்லெட் வால்வுகள். தொப்பி சீல் போடுவதானால் இந்த நான்குக்கு மட்டும் போடுங்கள். திராட்டிலை மூடிய நிலையில் கார் ஓடும்போது இன்லெட் பாதையில் பலமான வெற்றிடம் உண்டாகிறது. வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் மேலிருந்து தெறிக்கும் எண்ணெயைக் கைடு வழியாக உள்ளே இழுப்பது அதுதான். எக்ஸாஸ்ட் பக்கம் நிலைமை வேறு. அங்கே அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. எண்ணெய் உறிஞ்சப்படுவது குறைவு. சூடோ மிக அதிகம். அந்த வால்வின் ஸ்டெமுக்கு, அதாவது தண்டுக்கு, கசிகிற கொஞ்சம் எண்ணெயையும் இறுக்கமான சீலால் தடுத்துவிட்டால் வால்வு கைடுக்குள் உரசிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் என்ஜின் ஏ-சீரிஸ் என்ற வகை; அதன் பிற்கால வடிவங்களிலும் இன்லெட் கைடுகளுக்கு மட்டுமே தொப்பி சீல் வைத்தார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் சீலைப் பற்றி இவ்வளவு இருக்க, கைடைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் கவலை. வால்வை அது மூடி அமரும் சீட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து, அதன் தலையோரத்தில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைடுக்கும் ஸ்டெமுக்கும் இடையில் இருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான்; சரியான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் எந்த சீலும் உங்களுக்கு உதவாது. ஆடுகிற ஸ்டெமைச் சீலின் உதடு சில காலம் துரத்தும், பிறகு நீள்வட்டமாகத் தேய்ந்து திறந்துகொள்ளும். அதைவிடப் பெரிய கேடு, வால்வு ஒவ்வொரு முறையும் சீட்டில் வேறு வேறு இடத்தில் உட்காரும். பேஸ்ட் போட்டு நீங்கள் தேய்த்த தேய்ப்பெல்லாம் வீண். கைடு மாற்றினால் மையம் சற்று விலகும். ஆகவே சீட்டையும் புதிய கைடை வைத்தே மறுபடி வெட்ட வேண்டும். இவையெல்லாம் முடிந்து, ஹெட்டைக் கழுவித் துடைத்த பிறகே சீலைத் தொடுங்கள்.

தொப்பி சீலுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும்படி மேல்முனை கடைந்த கைடு வேண்டும். உங்கள் பழைய கைடின் மேல் அப்படியே அழுத்தினால் ஓடிய கொஞ்ச நேரத்தில் கழன்று வால்வோடு ஏறி இறங்கும். கைடு மாற்றும் வேலை எப்படியும் வருமானால், இன்லெட்டுக்கு அந்த வகைக் கைடையே வாங்கிவிடுங்கள். பழைய கைடு நல்ல நிலையில் இருந்தால் பழைய வளைய முறையே போதும். நான் அதைக் குறைவாக நினைப்பதில்லை.

வளையம் போடுவதில் வரிசை முக்கியம். புது வளையத்தைச் சிறிது நேரம் என்ஜின் எண்ணெயில் ஊற வையுங்கள். ஸ்பிரிங்கையும் அதன் மேல்தட்டான ரீடெய்னரையும் முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு வளையத்தை ஸ்டெமில் முறுக்கின்றி இறக்கி, அதன்பின் லாக்குகளை வையுங்கள். வளையத்தை முன்பே மாட்டிவிட்டால் ரீடெய்னர் இறங்கும்போது அதை நறுக்கிவிடும். கழற்றிய வளையத்தை மறுபடி பயன்படுத்தவே கூடாது.

தொப்பி சீலானால், ஸ்பிரிங்குக்கு அடித்தட்டு இருந்தால் அது முதலில் போகட்டும். ஸ்டெமுக்கு எண்ணெய் பூசி வால்வை நுழைத்து, லாக் பள்ளத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டுங்கள். அந்தப் பள்ளத்தின் விளிம்பு கத்தி போன்றது; உதட்டில் விழும் கீறல் கண்ணுக்கே தெரியாது, புகையில்தான் தெரியும். கைவிரலால் அழுத்தி, பிறகு சீலின் வெளிவிளிம்பில் உட்காரும் அளவுள்ள சாக்கெட்டால் நேராகத் தள்ளுங்கள். கைடில் முட்டி நின்றதும் நிறுத்திவிடுங்கள். கடைசியாக, வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ரீடெய்னரின் அடிப்பக்கத்துக்கும் சீலுக்கும் இடையில் குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வால்வு எவ்வளவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கேமை மாற்றியிருந்தால் இதை விட்டுவிடவே கூடாது.

கேள்வி: என் பழைய காரில் நீலப் புகை வருகிறது. சீலா, பிஸ்டன் ரிங்கா என்று ஹெட்டைக் கழற்றாமல் அறிய முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது ஒரு பொதி நீலப் புகை வந்து நின்றால், இன்லெட் கைடையும் சீலையும் சந்தேகியுங்கள். சுமையோடு ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங்கைப் பாருங்கள். கம்ப்ரஷன் அளந்து, பிளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் நன்றாக உயர்ந்தால் குறை ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது.

கேள்வி: பக்கவால்வு என்ஜினுக்கும் சீல் வாங்க வேண்டுமா?

பதில்: பொதுவாகத் தேவையில்லை. அதில் வால்வு ஸ்டெம் சிலிண்டர் பிளாக்கில் கீழ்நோக்கி இருக்கிறது. மேலிருந்து எண்ணெய் வடிந்து இறங்க வழியில்லை. அந்தப் பணத்தை நல்ல கைடுகளுக்குச் செலவிடுங்கள்.