பழைய டிஎஸ்எல் ஃபில்டரின் சுருள் பக் கன்வெர்ட்டருக்கு ஒத்துவராது

வணக்கம். டிஎஸ்எல் இணையம் வரும் லைனில் தொலைபேசிக்கு முன் மாட்டும் ஃபில்டரிலிருந்து கழற்றிய சுருளை, வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் சிப்பான எல்எம்2596-இல் போட்டு, 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் 1 ஆம்பியர் எடுக்கப் பார்த்ததாகவும், சுருள் கொதித்து வோல்டேஜ் விழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சர்க்யூட்டில் தவறில்லை, சுருள்தான் பொருந்தவில்லை.

முதலில் அதன் மின்தடையை மல்டிமீட்டரில் பாருங்கள். மெல்லிய கம்பி என்பதால் பல ஓம் காட்டும். 8 ஓம் என்றால் 1 ஆம்பியரில் 8 வோல்ட் அதிலேயே போய்விடும். 12-இல் 5 போக உங்களிடம் மிச்சமிருப்பதோ 7 வோல்ட்தான். போதாததற்கு, சில பத்து மில்லிஆம்பியர் லைன் கரண்ட்டுக்காகச் செய்த ஃபெரைட் கோர் 1 ஆம்பியரில் சாச்சுரேட் ஆகிவிடும், அதாவது காந்தத்தன்மை உச்சத்தை எட்டி, சுருளின் இண்டக்டன்ஸ் சரிந்துவிடும். 2 ஆம்பியர் தாங்கும் 68 மைக்ரோஹென்றி பவர் இண்டக்டர் போடுங்கள்.

கழற்றியதைத் தூக்கி எறிய வேண்டாம், ஆடியோ வேலைக்கு அருமையான பொருள். 20 மில்லிஆம்பியர் இழுக்கும் ப்ரீஆம்ப்பின் (ஒலி சிக்னலை முதலில் பெருக்கும் சர்க்யூட்) சப்ளையில் தொடராக வைத்து, அடுத்து 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தரைக்குப் போட்டால் பக் கன்வெர்ட்டர் போன்ற சப்ளைகளிலிருந்து வரும் ஸ்விட்சிங் இரைச்சல் நன்றாக அடங்கும். இங்கே அந்த மின்தடை நல்லதே, ரெசனன்ஸ் (சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊசலாடுவது) எழும்பாமல் தணிக்கும்.

சுருளின் இண்டக்டன்ஸ் மதிப்பு தெரிய, அதற்கு இணையாக 10 நானோஃபாரட் வைத்து ரெசனன்ஸ் தேடுங்கள், 15.9 கிலோஹெர்ட்ஸில் வந்தால் 10 மில்லிஹென்றி. பல ஃபில்டர்களில் ஒரே கோரில் இரண்டு தனித்தனிச் சுருள்கள் சுற்றியிருக்கும். தொடராக இணைக்கும்போது திசை சரியானால் ஒன்றின் மதிப்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு, மாறினால் கிட்டத்தட்ட பூஜ்யம். பலர் தடுமாறுவது இங்கேதான்.

கூடவே இருக்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர்களையும் எடுத்து வையுங்கள்.